சுகவீனத் துண்டும் நமது விமர்சனமும்

சொற்களின் வேரைத் தேடுவோர் பழைய நிகண்டுகளையும் கல்வெட்டுகளையும் புரட்டுவர். தோட்டத்துத் தமிழை ஆராய்வோர் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டக் காரியாலயத்துச் செக்றோல் புத்தகம்வரை சென்றால் போதும். 'பேர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏனைய தமிழருக்கு அது ஓர் ஆளின் அடையாளம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளிலும் இறப்பர் மலைகளிலும் அது ஒரு நாட் கூலி. "இந்த மாசம் இருவது பேரு" என்று ஒரு தாய் கூறினால், அவள் இருபது ஆட்களைக் குறிக்கவில்லை. தான் இருபது நாள் உழைத்ததாகப் பதிந்திருப்பதைக் குறிக்கிறாள். பாதி நாளுக்கு 'அரைப் பேர்'. மலைக்கு வராத நாளில் அவளுக்குப் பேரே இல்லை. உழைக்காதவனுக்கு உணவில்லை என்ற நெறியைக் கேள்விப்பட்டிருக்கிறோம். உழைக்க முடியாதவளுக்குப் பெயரும் இல்லை என்பது தோட்டத்து இலக்கணம்.

'துண்டு' என்பது இன்னொரு சொல். ஒரு காலத்தில் இச்சொல்லைக் கேட்டாலே தொழிலாளி நடுங்கினான். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு துரை எழுதிக் கொடுத்த சீட்டே அன்றைய துண்டு. பெரிய கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறொரு தோட்டத்துத் துரையிடம் போவான், கடன் கைமாறும், கடனோடு மனிதரும் கைமாறுவர். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. சட்டத்திலிருந்து அகன்ற சொல் லயத்திலிருந்து அகலவில்லை. இன்று துண்டு என்றால், வேலைக்கு வர முடியாதபடி ஒருவர் நோயுற்றிருக்கிறார் என்று தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ எழுதித் தரும் கடதாசியையும் குறிக்கும். பழைய துண்டு தொழிலாளியின் கடனுக்குச் சாட்சி. புதிய துண்டு அவனுடைய உடம்புக்குச் சாட்சி. இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தொழிலாளி வாசிக்க முடிவதில்லை.

இந்தக் கடதாசியைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். வேலைநிறுத்தம் உண்டு, துப்பாக்கிச் சூடு உண்டு, நாடு கடத்தல் உண்டு. இவற்றை விட்டு ஒரு மருந்துச் சீட்டையா விமர்சனத்துக்கு எடுப்பது? ஆம், அதைத்தான் எடுக்கிறோம். ஏன் என்பதை இக்கட்டுரையே சொல்லட்டும்.

முதலில் நடப்பை நோக்குவோம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். இறப்பர் மலையில் பால் வெட்டுவோருக்கு இன்னும் முந்திய நேரம். வெயில் ஏறினால் பால் குறையும். காய்ச்சல் என்று படுத்தவள் அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்த் துண்டு வாங்கிக் கணக்கப்பிள்ளையிடம் சேர்ப்பிக்க வேண்டும். அங்கே இருப்பவரை லயத்து மக்கள் 'டாக்டர் ஐயா' என்கின்றனர். பெரும்பாலும் அவர் தோட்ட மருத்துவ உதவியாளர். சம்பளம் கம்பனியின் சம்பளம். அவருள் நல்லவர் பலர் உண்டு. இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் லயத்துக்கு நடந்து வருபவரை நாமும் அறிவோம். ஆனால் ஒரு மனிதனின் நற்குணத்தை நம்பி ஒரு முறைமையை மதிப்பிடலாகாது. கொழுந்து அரும்பி நிற்கும் வாரத்தில் முப்பது பேருக்குத் துண்டு எழுதியவரைப் பெரியதுரை எப்படி நோக்குவார் என்பதை அவர் அறிவார். துண்டு கேட்டு வாசலில் நிற்பவளும் அறிவாள்.

இரண்டு நாட் காய்ச்சலானால் இவ்வளவோடு முடிந்தது. நோய் நீடித்தால் என்ன ஆகிறது என்பதே நமது கேள்வி. மழை மிகுந்த இந்த மாவட்டங்கள் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனவை; அதிலிருந்து எழுந்தவர் பழைய பலத்துக்கு வர வாரக்கணக்காகும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் முடிவுத் தேதி இல்லை, மாதாமாதம் கிளினிக்தான். துண்டுக்கோ எப்போதும் ஒரு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி வந்ததும் நோய் போனாலும் போகாவிட்டாலும் துண்டு செத்துவிடுகிறது. இன்னொன்று வேண்டும். அதற்கு மலையிறங்கி, பஸ் பிடித்து, இறக்குவானையோ பலாங்கொடையோ தெரணியகலையோ, இன்னும் அப்பால் இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளோ போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். போன நாளுக்குப் பேர் இல்லை. நோயாளி என்று நிரூபிக்க ஒரு நாட் கூலியையும் பஸ் காசையும் கட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த மாதமும் அதே நிரூபணம். நீதிமன்றத்தில்கூட ஒருமுறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிப்பதில்லை. இங்கே நோய் என்ற ஒரே வழக்கு மாதந்தோறும் விசாரணைக்கு வருகிறது.

இத்தனைக்கும் அந்தத் துண்டு தருவது என்ன? கூலியை அல்ல. பேர் வெட்டுப்படாது என்ற உறுதியை மட்டுமே. அறிவித்தல் இன்றி வராதவர் வேலையைத் தாமே கைவிட்டார் என்று கொள்வது முதலாளிமாரின் வழக்கமான வாதம். அதற்கு எதிரே தொழிலாளியின் கையில் இருக்கும் ஒரே கவசம் இந்தக் கடதாசி. குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்தின் உடைமையாக இருக்கும் சமூகத்தில் வேலை போவது வெறும் வேலை போவதன்று. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஆண்டுக்கு 7 நாள் சுகவீனத்துக்கும் சொந்தக் காரியத்துக்குமாகச் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. கொழும்புக் கடையின் எழுதுவினைஞருக்கு அது போதாது என்று நாம் வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் கடைக்கும் காரியாலயத்துக்கும் உரியது. மலைக்கு உரியதன்று.

சட்டத்தையும் ஒரு பனுவலாக வாசிக்கலாம் என்பது நமது கட்சி. யார் எழுவாய், யார் செயப்படுபொருள், எந்த வாக்கியத்தில் ஐயம் யார்மேல் விழுகிறது என்று பார்த்தால் ஒரு காலத்தின் மனச்சாட்சி அதில் தெரியும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், தகுந்த காரணமின்றி வேலைக்கு வராத கூலியைச் சிறைக்கனுப்பியது. அதே சட்டம், நோயால் வேலை செய்ய முடியாதவனுக்கு எசமான் உணவும் உறைவிடமும் வைத்தியமும் தர வேண்டும், கூலி தர வேண்டியதில்லை என்றும் கூறியது. மாட்டுக்காரன் நோயுற்ற மாட்டுக்கு வைக்கோல் போடுவான், கூலி கொடுப்பானா? அந்தச் சட்டத்தின் உவமை அதுவே. இருந்தும் அந்த மாட்டுக்கு வைக்கோலாவது நிச்சயம்.

பின் 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. மனிதாபிமானத்தால் மட்டும் வந்ததென்று நாம் சொல்லமாட்டோம். செத்துப்போகும் கூலியால் முதலாளிக்கு இலாபமில்லை. எனினும் அதில் ஒரு வாக்கியம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தோட்டத்தில் குழந்தை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டும். அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது. அவள் வேலைக்குத் தகுதியானவள் என்று வைத்திய அதிகாரி முன்னதாகவே கூறினாலன்றி. இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அவள் ஓய்வெடுக்கச் சான்று வேண்டியதில்லை. அவளை வேலைக்கு இழுக்கத்தான் சான்று வேண்டும். நிரூபிக்கும் பாரம் துரையின் தோளில். வெள்ளையர் ஆட்சியில், வாக்குரிமையற்ற கூலிகளுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது. அது மலையில் எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு விஷயம். அந்த இலக்கணத்தைத்தான் இங்கே சுட்டுகிறோம்.

மகப்பேற்றைப் பொறுத்தவரை அந்த இலக்கணம் ஓரளவு நிலைத்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் லயத்தில் 'பிள்ளைக் காசு' என்ற பெயரோடு வாழ்கிறது. மூன்றாம் குழந்தைக்கு 42 நாள் மட்டுமே என்றிருந்த அநீதி, 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீங்கி எல்லாப் பேற்றுக்கும் 84 நாளாயிற்று. பிள்ளைப்பேற்றை யாரும் பொய் என்று சொல்ல முடியாது; குழந்தையே சாட்சி. நோய்க்கு அப்படிச் சாட்சி இல்லை. நாரிப்பிடிப்பு வெளியே தெரியாது. தலைச்சுற்று தெரியாது. குருதிச் சோகை, கண்ணிமையைக் கீழிழுத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். தெரியாத நோய்களின் மேலேதான் ஐயம் விழுகிறது; ஐயம் விழும் இடத்தில்தான் துண்டு பெருகுகிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மருத்துவச் சான்றிதழைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்த நாவல் ஒன்றைத் தேடினால், உலக இலக்கியத்தில் ஏ. ஜே. குரோனின் 1937இல் எழுதிய 'சிற்றடெல்' நினைவுக்கு வருகிறது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வரும் இளம் வைத்தியர் மான்சனிடம் ஒரு தொழிலாளி வேலை செய்ய இயலாதெனச் சான்றிதழ் கேட்கிறான். நோயில்லை என்று கண்ட வைத்தியர் மறுக்கிறார். அவனோ தன் அட்டையை வேறு வைத்தியரிடம் மாற்றிக்கொள்கிறான். அந்த ஊரில் வைத்தியரின் வருமானம் தொழிலாளர் கொடுக்கும் அட்டைகளின் தொகையைப் பொறுத்தது. ஆகவே நேர்மைக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. குரோனின் தாமே வேல்ஸ் சுரங்க ஊரில் வைத்தியராக இருந்தவர். காட்சியில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் பாதியையே அவர் காண்கிறார். அவருக்கு இது ஒரு நல்ல வைத்தியனின் ஒழுக்கச் சோதனை. தொழிலாளி அங்கே சோம்பேறியாகவும் மிரட்டுபவனாகவும் மட்டுமே நுழைகிறான்.

அக்காட்சியை நமது மலைக்குக் கொண்டுவந்து தலைகீழாக்கிப் பாருங்கள். வேல்ஸில் வைத்தியருக்குப் படியளந்தவர் தொழிலாளர். ஆகவே அங்கு இருந்த சபலம் பொய்ச் சான்றிதழ் கொடுப்பது. தோட்டத்தில் படியளப்பது கம்பனி. ஆகவே இங்கு இருக்கும் சபலம் உண்மைச் சான்றிதழை மறுப்பது. பொய் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சம்பளம் கொடுப்பவரின் கை தீர்மானிக்கிறது. குரோனினின் நாவலைப் போற்றிய தலைமுறைகள் முதலாவதைக் கண்டித்தன. இரண்டாவதைக் கண்டிக்க அத்தகைய புகழ்பெற்ற நாவல் நமக்கு இல்லை. 'கள்ளச் சுகவீனம்' என்ற தொடர் எல்லோருக்கும் தெரியும். கள்ள ஆரோக்கியம் என்று ஒரு தொடரைக் கேள்விப்பட்டதுண்டா? நூற்றிரண்டு பாகைக் காய்ச்சலில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறுபவள் நடிப்பது எதை?

தமிழில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கினார். நமது மலையக நாவலாசிரியர்களுள் தி. ஞானசேகரன் தோட்டங்களில் வைத்தியராகப் பணிபுரிந்தவர். 1979இல் வெளிவந்த 'குருதிமலை' தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த மக்களின் போராட்டத்தைச் சொல்கிறது. துண்டு எழுதிய கையே பேனாவைப் பிடித்தும், அது தேர்ந்தெடுத்த பொருள் மலையைக் காக்கும் போராட்டம். அதற்காக அவரைக் குறைகூறுவது விமர்சனமாகாது. அவர் எழுதியது எழுதப்பட வேண்டியதே. குறை நம்மீது, விமர்சகர்மீது. இரத்தம் சிந்தாத கதைகளில் வர்க்கப் போராட்டம் இல்லையென்று நாம் பழக்கிவிட்டோம். இளைஞன் ஒருவன் தன் தாய் துண்டு வாங்கப் போன நாளைக் கதையாக்கி அனுப்பினால், 'சம்பவம் போதாது, முடிவில் எழுச்சி இல்லை' என்று திருப்பியனுப்பும் ரசனையை நாமே வளர்த்தோம். எழுச்சி இல்லைதான். அவள் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, துண்டை வாங்கி, வீடு திரும்பினாள். அவ்வளவே.

நாம் பாடசாலையில் கற்பிக்கும் ஓர் இலக்கிய வடிவமும் உண்டு: விடுமுறைக் கடிதம். 'கனம் அதிபர் அவர்களுக்கு' என்று தொடங்கி, 'காய்ச்சல் காரணமாக இரு தினங்கள்' என்று நடந்து, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்' என்று முடியும். அந்தக் கடிதத்தில் காய்ச்சல் ஒருபோதும் இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. யாருடைய வீட்டு நோயைக் கண்டு இந்த வடிவம் எழுதப்பட்டதோ!

தொழிற்சங்கங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சப்பிரகமுவ இடதுசாரி இயக்கத்தின் பழைய களம். யட்டியாந்தோட்டை என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அந்தத் தொகுதியின் தோட்டத்து மக்களுக்கு 1949க்குப் பின் வாக்கே இல்லாதிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்த மரபுக்குப் பின், 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் சங்கங்கள் எதற்குக் கையொப்பமிட்டன? அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, விலைப் பங்கு 30 ரூபா, வருகைக்கான ஊக்கத்தொகை 140 ரூபா, ஆக 620. மேடைகளில் 620 என்ற தொகை மட்டுமே முழங்கிற்று. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதமாவது வந்தவருக்கே அந்த 140 என்பது மெல்லச் சொல்லப்பட்டது. கணக்குப் போடுவோம். மாதத்தில் 24 நாள் வேலை என்றால் எல்லை 18 நாள். 17 நாள் மலையேறி, எஞ்சிய நாட்களில் காய்ச்சலில் கிடந்தவள் இழப்பது 17 முறை 140, அதாவது 2380 ரூபா. வராத நாளின் கூலி மட்டுமன்று, வந்த நாளின் கூலியும் குறைகிறது. 2016இல் அந்த ஊக்கத்தொகை 60 ரூபாவாகிற்று. 2019 ஒப்பந்தத்தில் நீங்கிற்று. நீங்கியதென்று நாம் மூச்சுவிட்டோம். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டமோ நாட் சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ஆக்குவதோடு, அரசே நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை வழங்கும் என்று முன்மொழிந்தது. கூலி உயர்வை நாம் வரவேற்கிறோம். கிடைக்கும் ஒவ்வொரு ரூபாவும் அவர்களுக்குச் சேர வேண்டியதே. ஆனால் 'வருகை' என்ற சொல் திரும்பவும் கூலிக்குள் நுழைந்துவிட்டது. வருகைக்குப் பரிசு என்பதும் நோய்க்குத் தண்டம் என்பதும் ஒரே வாக்கியத்தை இரு முனையிலிருந்து வாசிப்பதே.

கடலுக்கு அப்பால் நிலைமை என்ன? இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தகுதி பெற்ற வைத்தியர் சான்று அளித்த நோய்க்கு முதலாளி சுகவீனப் படி கொடுக்க வேண்டும் என்று விதித்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் நமது மக்களின் உறவினர் அதை உரிமையாகக் கேட்டனர். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் புதிய தொழிற் சட்டக்கோவை பிடித்துவிட்டது. பழைய உரிமை அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தோட்டங்களே சொல்லும். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலும் 1993இல் ஒரு சட்டம் வந்தது. 50 பேருக்குக் குறையாத ஊழியரை வைத்திருக்கும் முதலாளிகள், தன் நோய்க்கோ, கணவன் மனைவி பிள்ளை பெற்றோரின் நோய்க்கோ ஆண்டுக்கு 12 வாரம் விடுப்புத் தர வேண்டும், வேலை பறிபோகாது. சம்பளமும் கிடையாது! சான்றிதழ் வாங்கும் செலவும் ஊழியருடையது. அச்சட்டத்தைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஆனால் ஒன்றை அது ஒப்புக்கொள்கிறது: சான்றைப் புதுப்பிக்கக் கேட்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். பொதுவாக 30 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கலாகாது. நோய் அதற்கும் நீண்டதென்று சான்றிதழே கூறினால் அந்தக் காலம் முடியும்வரை முதலாளி பொறுக்க வேண்டும். ஆயுள் முழுதும் நீடிக்கும் நோயானாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை கேட்கலாம். ஐயப்படுவதற்கும் அங்கே ஒரு கால அட்டவணை எழுதியிருக்கிறார்கள். நம் மலையில் ஐயத்துக்கு எல்லை வகுக்கும் வாக்கியம் எந்தக் கூட்டு ஒப்பந்தத்தில் பேசப்பட்டது?

அந்த அமெரிக்கச் சட்டத்தின் 'பெற்றோர்', 'பிள்ளை' என்னும் சொற்களிலும் சிறிது நிற்க வேண்டும். பிறருக்குப் பணிவிடை செய்ய விடுப்பு என்ற எண்ணமே தோட்டத்துக் கணக்கில் இல்லை. மாமியார் பாரிசவாதத்தில் கிடந்தால், கைக்குழந்தை டெங்குவோடு ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்தால், துண்டு யாருக்கு எழுதுவது? நோயாளி மலைக்கு வருபவள் அல்லளே! ஆகவே அந்த விடுப்பை வேறொருவர் எடுக்கிறார். எடுப்பது யாரென்பதை ஆசிரியராகிய நாம் நன்கு அறிவோம். நமது வரவுப் பதிவேட்டில் அது இருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் மூத்த பெண்பிள்ளை திடீரென்று இரண்டு வாரம் வராமலிருப்பாள். விசாரித்தால், "அம்மா ஆஸ்பத்திரியில, சேர். தம்பிய பாக்க ஆளில்ல" என்று பதில் வரும். தாய் மலைக்குப் போனால் பாட்டியைப் பார்ப்பதும் அவளே. நாமும் அவளிடம் கடிதம் கேட்கிறோம். நமக்கோ தாபனக் கோவை இருக்கிறது, அமய விடுமுறை இருக்கிறது, சுகவீன விடுமுறை இருக்கிறது. தோட்டத்துக் குடும்பப் பராமரிப்பு விடுமுறையைக் கொடுப்பது கம்பனியும் அன்று, அரசும் அன்று. பதினான்கு வயதுச் சிறுமியின் படிப்பு.

அதே சிறுமிதான் துண்டின் வாசகியும். ஆஸ்பத்திரித் துண்டு சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வருகிறது. தாய்க்கு இரண்டும் வாசிக்க வராது. பிள்ளை பாடசாலைக்குக் கொண்டுவந்து, "சேர், இதுல எத்தனாந் தேதி வரைக்கும்னு போட்டிருக்கு?" என்று கேட்கிறாள். மருந்தின் பெயரை அவள் கேட்பதில்லை, நோயின் பெயரையும் கேட்பதில்லை. தேதி மட்டும். வீட்டில் எல்லாரும் காத்திருப்பது அந்தத் தேதிக்காகவே.

இங்கே நம்மால் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பின், சிங்களத்தில் நிர்வாகம் நடைபெறும் மாவட்டங்களிலும் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றவும், அவரிடமிருந்து தமிழில் அல்லது ஆங்கிலத்தில் எழுத்தைப் பெறவும் எவருக்கும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. இரத்தினபுரியும் கேகாலையும் அதற்கு விலக்கல்ல. துண்டில் உள்ள விவரம், முக்கியமாகத் தேதி, தமிழிலும் எழுதப்பட வேண்டும். நீண்ட நோய்க்கு அந்த நோயின் காலத்துக்கு ஏற்ற ஒரே துண்டு தரப்பட வேண்டும். கிளினிக் போன நாளுக்குப் பேர் போடப்பட வேண்டும். முதலாவது ஆஸ்பத்திரி அதிகாரிக்கு எழுதும் மனு. இரண்டாவது அவருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சேர்த்து எழுதுவது. மூன்றாவதை அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் சங்கத் தலைவரிடம் கேட்க வேண்டும். அவர் 'வருகை' என்ற சொல்லை மேசைக்குக் கொண்டுபோகும் முன்பே கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் இரண்டாந் தவணையில் வருகிறது. அதிபருக்கு எழுதும் இரு நாட் காய்ச்சல் கடிதத்தை இம்முறை விட்டுவிட்டு, மாணவர் இந்த மனுக்களை எழுதட்டும். நல்லதாக எழுதியதைத் தபாலில் சேர்ப்போம்.